இடப்பக்கம்

லொறிக்காரர் கண்ணாடியை இறக்கினார்.
திட்டவில்லை. கேள்விதான்:
"சிக்னல் போட்டாய், பிறகு நிறுத்தினாய்.
மனம் மாறிவிட்டது என்றுதானே நான் முந்தினேன்?"
ஹாகன் நகரம், எக்கெசாயர் வீதி.
என் முழங்காலுக்கும் அவருடைய பம்பருக்கும் நடுவே
ஒரு முழம் மழை.

மனம் மாறவில்லை.
கட்டைவிரல் இன்னும் சுவிச்சில்தான் இருந்தது.

கராஜ் இலக்கம் பதினேழு. உள்ளே கரண்ட் இல்லை.
பார்சல் நிலையத்தில் இரவு வேலை முடித்து
காலை ஏழுக்கு வந்து குந்துவேன்,
வாய்க்குள் போன் வெளிச்சம்.
பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஆளில்லை.
ஆனபடியால் வண்டியின் வாலைச் சுவருக்குக் காட்டி நிறுத்தினேன்.
வெள்ளையடித்த சுவரில் ஒரு மஞ்சள் வட்டம்
வரும், போகும், வரும்.

முதல் கிழமை பல்பு.
இருபத்தொரு வாட், இழை முழுசு,
காதருகே குலுக்கினாலும் சத்தமில்லை.
அடுத்தது ரிலே. பதினாலு யூரோ தொண்ணூறு.
பழையது டிக் என்றது, புதியது டக் என்றது,
வேறு வித்தியாசம் இல்லை.
பற்றறி பன்னிரண்டு புள்ளி ஆறு.
சுவிச்சைத் திறந்தேன்; உள்ளே இருந்த ஸ்பிரிங்
எங்கேயோ பாய்ந்தது.
அதைத் தேடியே ஒரு காலை போனது.

பிறகு எர்த்.
போக ஒரு வயர் உண்டு;
திரும்புவது கடைசியில் இரும்புச் சட்டத்தின் வழியாகத்தான்.
அந்த இரும்பில் யாரோ அழகுக்கு அடித்த கறுப்புப் பெயின்ற்.
வெள்ளி தெரியும்வரை அரத்தாளால் தேய்த்தேன்.
அன்றிரவு அனுப்பிய பார்சல்கள் எல்லாவற்றிலும்
என் பெருவிரல் இருந்திருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு
கராஜுக்குள் லைற் ஒழுங்காக எரிந்தது.
முன்பும் ஒழுங்காகத்தான் எரிந்தது.
அதுதான் கரைச்சல்.

லூசேர்னிலிருந்து மதுரகன் போனில் சிரித்தான்:
"எரியிற லைற்றைத் திருத்துற ஒரே ஆள் நீதான் அக்கா."

ஒரு வியாழக்கிழமை
பக்கத்துக் கராஜ்காரர் குப்பைத்தொட்டியை
என் வாசலில் விட்டுப் போயிருந்தார்.
அதைச் சுற்றி வண்டியை வெளியே எடுக்க
ஹேண்டிலை இடப்பக்கம் வெட்டினேன்.
சிக்னலை அணைக்க மறந்திருந்தேன்.
பின்னால் சுவர் இருண்டது.

நேராக்கினேன். வட்டம் வந்தது.
முட்ட வெட்டினேன். இல்லை.
நேரே. வந்தது.
ஐந்து கிழமையாக நான் சோதித்ததெல்லாம்
திரும்பாத ஒரு வண்டியை.

கழுத்தடியில் வயர்க் கட்டின் ரேப்பை உரித்தேன்.
செம்மஞ்சள் வயர், பார்வைக்குப் புதுசு.
நகத்தால் அழுத்திக்கொண்டே போனபோது
ஓரிடத்தில் மட்டும்
எலும்பில்லாதது மாதிரி மடிந்தது.
தோலில் ஒரு கீறல் இல்லை.
உள்ளே செம்பு அறுந்து கிடந்தது,
நேரே நிற்கும்போது மட்டும்
முனைக்கு முனை தொட்டுக்கொண்டு.
முதல் சொந்தக்காரர் ஹேண்டிலை உயர்த்திப் பூட்டியவர்.
வயரை நீட்ட அவருக்கு நினைவு வரவில்லை.

வெட்டினேன். ஒரு சாண் வயர் சேர்த்து
காஸ் பற்றாசால் ஈயம் வைத்தேன்.
வேண்டியதைவிட நீளம்தான்.
தளர்வாக ஒரு வளையம் விட்டுக் கட்டினேன்.

வாகனப் பரிசோதகர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்,
வலம், இடம், பிரேக், ஹோர்ண்.
பேனையை எடுத்தார்.
"பொறுங்கள்" என்றேன்.
ஹேண்டிலை இடப்பக்கம் முட்டத் திருப்பிப் பிடித்தேன்.
எரிந்தது.
வலப்பக்கம் முட்ட.
எரிந்தது.
திரும்பவும் இடப்பக்கம், கொஞ்சம் அதிக நேரம்.

அவர் லைற்றைவிட்டு என்னைப் பார்த்தார்.
"அது பட்டியலில் இல்லை" என்றார்,
இலக்கத் தகட்டில்
ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டியபடி.